கார் ஷெட்டில் டிரம்ஸ், ஸ்டேஷனில் கையெழுத்து

கேள்வி: கருங்கல் பக்கம் வீடு. மகனும் மூன்று நண்பர்களும் சேர்ந்து பேண்டு வைத்திருக்கிறார்கள். கார் ஷெட்டில் 1.80 லட்சம் செலவழித்து ஃபோம் ஒட்டினேன், ஷட்டருக்குப் பின்னால் பிளைவுட்டும் அடித்தேன். மாலை 7 முதல் 9.30 வரைதான் பயிற்சி. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஸ்டேஷனில் மனு கொடுத்துவிட்டார். அவர் வீட்டுப் பலாமரத்து இலையை இருபது வருடமாக நான்தான் கூட்டுகிறேன். திருவிழாவுக்கு மைக் அலறும்போது அவர் வாய் திறந்ததில்லை. 10 மணிக்கு முன் வாசிக்க எங்களுக்கு உரிமை இல்லையா?

பதில்: பலாமரமும் திருவிழா மைக்கும் வழக்குக்கு உதவாது. 10 மணிக் கணக்கையும் தப்பாகப் பிடித்திருக்கிறீர்கள். இரவு 10 முதல் காலை 6 வரை கெடுபிடி கூடுதல், அவ்வளவுதான். பகலிலும் அளவு உண்டு. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45. தனியார் இடத்தில் வாசித்தால் எல்லையில் அதைவிட 5 கூடலாம். ஆகவே கேள்வி ஒன்றுதான்: மதிலோரம் நின்று அளந்தால் எவ்வளவு? ஃபோம் உள்ளே எதிரொலியைக் குறைக்கும். டிரம்ஸ் அடி ஷட்டர் இடுக்கு வழியாக வெளியே போய்க்கொண்டுதான் இருக்கும். செலவுக்கு பில் வைத்திருப்பீர்கள், அளந்த ரீடிங் இருக்கிறதா?

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. மனு விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். "எழுதிக் கொடுத்துட்டுப் போங்க சார், முடிஞ்சுடும்" என்பார்கள். "இனி எந்தச் சத்தமும் வராது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவீர்கள். வக்கீலான என்னிடம் வந்த கட்சிக்காரர்கள் பலர் விழுந்த குழி இது. அடுத்த வாரம் பையன் கிடாரைத் தொட்டால் போதும். அந்தக் காகிதம், "சத்தம் வந்தது உண்மை" என்ற உங்கள் ஒப்புதலாக முன்சீப் கோர்ட்டில் ஏறும். ஆசிரியருக்கு இடைக்காலத் தடை கிடைத்துவிட்டால், அதை மீறியதற்கு உரிமையியல் நடைமுறைச் சட்டம் 39ஆம் கட்டளை 2ஏ விதியில் சொத்து ஜப்தி, மூன்று மாதம் வரை சிவில் சிறை. டிரம்ஸுக்காக அப்பா சிறைக்குப் போவதா?

இன்னொன்று. இப்போது புகார் ஒரு வீட்டிலிருந்துதான். நீங்கள் கோபத்தில் ஆசிரியர்மேல் எதிர்மனு போட்டால், அவர் தெருவில் நாலு பேரிடம் கையெழுத்து வாங்குவார். அப்போது அது பொதுத் தொல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152ஆம் பிரிவில் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) நோட்டீஸ் வரும். சத்தத்தை அடைக்கிறேன் என்று ஷெட்டுக்கு வெளிப்பக்கம் இன்னொரு சுவர் எழுப்புவதும் வேண்டாம். மதிலுக்கு விட்ட இடம் குறைந்தால் பஞ்சாயத்துக்கு ஒரு மனு கூடும்.

சமாதானமாகப் போங்கள். கேஸில் ஜெயித்தாலும் அந்த மதிலுக்கு இந்தப் பக்கம்தான் நீங்கள் குடியிருக்க வேண்டும். எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் "சத்தமே வராது" என்று எழுதாதீர்கள். வாரத்தில் எந்த மூன்று நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று எழுதுங்கள். 8 மணியோடு நிறுத்துவது உத்தமம். "சமாதானத்துக்காக, குற்றம் எதையும் ஒப்புக்கொள்ளாமல்" என்ற வரியைக் கட்டாயம் சேருங்கள், நகல் வாங்காமல் ஸ்டேஷன் படி இறங்காதீர்கள். டிரம்ஸ் அடிக்கிற பையனுக்கு ஹெட்போன் மாட்டி அடிக்கும் எலக்ட்ரானிக் பேட் வாங்கிக் கொடுங்கள். விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் மகனையும் கூட்டிக்கொண்டு ஆசிரியர் வீட்டுக்குப் போய் வாருங்கள். பலாமரப் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள்.