ஆட்டிசம் உள்ள தம்பிக்கு மனநல நெருக்கடி: நெல்லைப் பக்கம் யாரை அணுகுவது?

அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். ஆட்டிசம் உள்ள உங்கள் 22 வயதுத் தம்பி சில வாரங்களாகச் சரியாக உறங்குவதில்லை, ‘நான் இருக்கக் கூடாது’ என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார், ஆனால் முகத்தில் வருத்தமே தெரியவில்லை. இதை நெருக்கடியாக எடுத்துக்கொள்ள வேண்டுமா, யாரிடம் போவது என்பது உங்கள் கேள்வி.

கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும். காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்வது ஆட்டிசத்தில் வழக்கம்தான் என்றாலும், உள்ளே இருப்பதைச் சொல்ல அவருக்குக் கிடைத்த ஒரே வாக்கியமாகவும் அது இருக்கலாம். முகத்தை வைத்து இவர்களுடைய துயரத்தை அளக்க முடியாது. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். வாயால் சொல்ல வராவிட்டால் ‘ஆம்’, ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்துத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். இப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தையும் வீட்டிலுள்ள மாத்திரைகளையும் இன்றே பூட்டி வையுங்கள். தனியாக விடாதீர்கள், ஆறும் வாய்க்காலும் பக்கத்தில் இருக்கும் ஊர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்து, 14416 என்ற எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட, தொலைபேசி வழியே மனநல ஆலோசனை தரும் அரசின் டெலி மானஸ் சேவை இது. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், உறவினரும் அழைக்கலாம். ‘ஆட்டிசம் உள்ளவர், போனில் பேசமாட்டார், அவருக்காக நான் பேசுகிறேன்’ என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் போனை அவரிடம் கொடுக்கச் சொல்லக்கூடும். ஏற்கெனவே ஏதாவது குடித்துவிட்டார், காயப்படுத்திக்கொண்டார் என்றால் ஆலோசனைக்கு நேரமில்லை. 108-ஐ அழைத்து அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். மற்றபடி, மனநல மருத்துவரை நேரில் பார்க்க பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உங்கள் வட்டாரத்துக்கு எந்த நாளில் வருகிறார் என்று அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனையில் கேட்டு வைத்துக்கொண்டால் அலைச்சல் குறையும்.

ஆனால் எங்கே போவது என்பதைவிட, போன இடத்தில் உங்கள் தம்பியை எப்படிப் புரியவைப்பது என்பதுதான் பெரிய பாடு. என் சித்தி மகனுக்கும் ஆட்டிசம் உண்டு. ஊர்க் கோயில் கொடைவிழாவில் தெருமுனைக் குழாய் ஒலிபெருக்கி விடிய விடிய அலற, அவன் இரண்டு உள்ளங்கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை முட்டினான். சாமி வந்திருக்கிறது என்று திருநீறு பூச ஆள் வந்ததைத் தனிக்கதையாகத்தான் சொல்ல வேண்டும். மறுநாள் ஒரு மருத்துவர் ‘காதில் குரல் கேட்கிறதா?’ என்றதும் அவன் ‘கேட்கிறது’ என்றான். அவன் சொன்னது ஒலிபெருக்கிக் குரலை. கேள்வியைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ளும் பழக்கம் அவனுக்கு உண்டு என்று சித்தி குறுக்கிட்டுச் சொல்லியிருக்காவிட்டால், இல்லாத குரல்கள் கேட்கும் மனச்சிதைவு நோய்க்கான மாத்திரையோடு வீடு திரும்பியிருப்பார்கள்.

அதனால் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: அவர் எப்படிப் பேசுவார், எதைத் தொட்டால் பதறுவார், எந்த ஓசை, எந்த வெளிச்சம் ஆகாது, வழக்கமாக எப்படி இருப்பார், இப்போது எது மாறியிருக்கிறது, என்ன மருந்துகள் சாப்பிடுகிறார், எது முன்பு ஒத்துக்கொள்ளவில்லை, வலிப்பு வந்ததுண்டா. இவற்றில் ‘எது மாறியிருக்கிறது’ என்பதே முக்கியம், ஏனென்றால் கைகளை ஆட்டுவதும் கண்ணைப் பார்க்காததும் அவருடைய இயல்பு, நோயின் அறிகுறி அல்ல என்று அப்போதுதான் மருத்துவரால் பிரித்தறிய முடியும். பல்வலி, மலச்சிக்கல், காதுவலி ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வலியைச் சொல்லத் தெரியாதவர்களின் உறக்கம் இவற்றாலும் கெடும். வெளிநோயாளர் வரிசையில் நிற்பதே அவருக்குத் தண்டனை என்றால், ஒருவர் வரிசையில் நின்று சீட்டு வாங்க, மற்றவர் அவரோடு வெளியே மரநிழலில் இருக்கலாம்.

சட்டம் பற்றியும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். தெருவில் கத்தினார் என்று யாராவது போலீஸைக் கூப்பிட்டுவிட்டால், மனநோய் உள்ளவர் என்று கருதிப் பாதுகாப்பில் எடுக்கப்பட்டவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. சிகிச்சை பெறுபவர், சிகிச்சை முடிவுகளில் தமக்குத் துணையாக இருக்க ஒருவரைப் பிரதிநிதியாக நியமிக்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். தம்பி கொஞ்சம் தெளிவாக இருக்கும் ஒரு நாளில் அவருக்குப் புரியும்படி சொல்லி, யாரை விரும்புகிறார் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நகல் ஒன்றை மருத்துவச் சீட்டுகளோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.