உறைதல் எங்கே தொடங்குகிறது? வார்ப்பு பற்றிய கேள்வி-பதில்

அலுமினியம் 660 டிகிரியில் உறையும் என்று படித்திருக்கிறேன். தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி) வைத்துப் பார்த்தால் அதற்கும் கீழே இறங்கி, பிறகு கொஞ்சம் மேலே ஏறுகிறது. கருவியில் கோளாறா?

கருவி சரியாகத்தான் இருக்கிறது. நீங்கள் பார்த்தது படிகம் பிறக்கும் தருணத்தை. 660 டிகிரியில் திரவமும் திண்மமும் சமநிலையில் இருக்கும். உறைந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அங்கே கிடையாது. நாலு அணுக்கள் ஒழுங்காகச் சேர்ந்தால் உள்ளே ஆற்றல் மிச்சம், ஆனால் அந்தத் துணுக்குக்கு ஒரு மேற்பரப்பு உண்டாக ஆற்றல் செலவு. துணுக்கு சிறிதாக இருக்கும்வரை செலவுதான் கூடுதல், அதனால் மறுபடி கரைந்துவிடும். வெப்பநிலை இன்னும் இறங்க இறங்க, பிழைத்து வளர்வதற்குத் தேவையான அளவு சுருங்கிக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் துணுக்குகள் நிலைத்து மளமளவென்று வளரும். அப்போது வெளிவரும் உள்ளுறை வெப்பம்தான் வெப்பநிலையை மேலே தூக்குகிறது.

பட்டறையில் இந்தச் சரிவு சில டிகிரிதான். அச்சின் சுவர், ஆக்சைடு துகள் என்று ஒட்டிக்கொண்டு வளர ஏதாவது ஒரு பரப்பு எப்போதும் இருப்பதே காரணம். அப்படி எதுவும் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 1950 வாக்கில் டேவிட் டர்ன்புல் என்ற விஞ்ஞானி மிகச் சிறிய உலோகத் துளிகளை வைத்துக் காட்டினார். 1455 டிகிரியில் உறைய வேண்டிய நிக்கல், அதற்குக் கீழே சுமார் 300 டிகிரி வரை திரவமாகவே இருந்தது. எனக்கு இது இன்றும் வியப்பாக இருக்கிறது.

அலுமினியத்தில் டைட்டானியம்-போரான் கிரெயின் ரிஃபைனர் (படிக மணிகளைச் சிறிதாக்கும் சேர்க்கை) போட்டும் கடைசியில் ஊற்றிய வார்ப்புகளில் கிரெயின், அதாவது படிக மணி, பெரிதாக இருக்கிறது. ஏன்?

கடைசியில் ஊற்றியவை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். படிகம் வளர இடம் தருபவை டைட்டானியம் டைபோரைடு துகள்கள். அவை உருகிய அலுமினியத்தை விடக் கிட்டத்தட்ட இருமடங்கு அடர்த்தி கொண்டவை. உலை அசையாமல் நின்றால் அடியில் போய்ப் படியும். ஊற்றுவதற்கு முன் அடிவரை மெதுவாகக் கலக்குங்கள். மேற்பரப்பைக் குலுக்கி ஆக்சைடு படலத்தை உள்ளே இழுத்துவிட வேண்டாம். உலோகக் கலவையில் சிர்கோனியம் இருந்தால் அதையும் பாருங்கள். அது இந்தத் துகள்களின் வேலையைக் கெடுத்துவிடும், எவ்வளவு கலக்கினாலும் சரியாகாது.

ஸ்ட்ரான்ஷியம் சேர்த்தால் கிரெயின் ரிஃபைனர் தேவையில்லையா?

தேவை. ஸ்ட்ரான்ஷியம் மாற்றுவது அலுமினியக் கலவையில் உள்ள சிலிக்கானின் வடிவத்தை. ஊசியும் தகடுமாக வளர்வது மெல்லிய இழைகளாகும். அலுமினியக் கிரெயினின் அளவு வேறு விஷயம்.

சாம்பல் வார்ப்பிரும்பில் மெல்லிய ஓரங்கள் மட்டும் கண்ணாடி மாதிரி இறுகி டிரில் பிட்டை உடைக்கின்றன. கலவை ஒன்றுதானே?

கலவை ஒன்றுதான், உறைந்த வேகம் வேறு. கார்பன் கிராஃபைட்டாக உருவாகக் கரு, அதாவது ஒட்டிக்கொண்டு வளர ஒரு துகள், வேண்டும்; அவகாசமும் வேண்டும். ஓரத்தில் இரண்டும் கிடைக்காதபோது கார்பன் இரும்புக் கார்பைடாக மாட்டிக்கொள்கிறது. அதுதான் வெள்ளை வார்ப்பிரும்பு. ஃபெரோசிலிக்கான் இனாகுலன்ட்டை (கரு தரும் சேர்க்கை) போட்டுவிட்டு லேடிலை (உருகிய உலோகத்தை ஊற்றும் பாத்திரம்) காத்திருக்க வைக்காதீர்கள், அதன் பலன் நிமிடங்களில் குறையும். முடிந்தால் ஊற்றும் தாரையிலேயே தூவுங்கள். ஒவ்வொரு லேடிலிலும் ஒரு ஆப்பு வடிவத் துண்டு வார்த்து உடைத்துப் பாருங்கள். கூர்முனையில் பளிச்சென்ற வெள்ளை, பருத்த பக்கம் சாம்பல், நடுவில் இரண்டும் கலந்த புள்ளிப் பகுதி. வெள்ளையின் அகலம் கூடிக்கொண்டே போனால் அன்றைய இரும்பில் கரு குறைகிறது.

பெரிய ரைசர் (சுருக்கத்தை ஈடுகட்ட உலோகம் தரும் கூடுதல் தேக்கம்) வைத்தும் வார்ப்பின் உள்ளே ஓட்டை. இன்னும் பெரிதாக்கவா?

முதலில் ஓட்டையை அறுத்து லென்ஸில் பாருங்கள். உள்சுவர் வழவழப்பாக, உருண்டையாக இருந்தால் பெரும்பாலும் அது வாயு. அலுமினியத்தில் ஹைட்ரஜன்தான் வழக்கமான காரணம்: திரவத்தில் கரைந்திருந்தது, உறையும்போது திண்மத்துக்குள் இடமில்லாமல் வெளியே தள்ளப்படுகிறது. அதற்கு ரைசர் உதவாது, டீகேஸிங்தான் (ஊற்றுமுன் உருகிய உலோகத்திலிருந்து வாயுவை நீக்குவது) வழி. சுவர் கரடுமுரடாக, குட்டி மரக்கிளைகள் நீட்டிக்கொண்டிருப்பதுபோல் தெரிந்தால் சுருக்கம். அந்தக் கிளைகள்தான் டென்ட்ரைட்டுகள். அவற்றுக்கு இடையே இருந்த திரவம் உறைந்து சுருங்கியபோது ஈடுகட்டப் புது உலோகம் வந்து சேரவில்லை.

சுருக்கம்தான் என்றால் அளவைவிட வடிவத்தை யோசியுங்கள். உறையும் நேரம், கன அளவைப் பரப்பால் வகுத்து வருவதன் வர்க்கத்தைப் பொறுத்தது. இது 1940-ல் க்வோரினாவ் என்ற பொறியாளர் தந்த விதி. 10 செ.மீ. கனசதுரத்தையும், அதே கன அளவுள்ள 25 × 20 × 2 செ.மீ. தகட்டையும் ஒரே அச்சு மணலில் வார்த்தால், கனசதுரம் உறையக் கிட்டத்தட்ட 4 மடங்கு நேரம் ஆகும். ரைசர் வார்ப்பைவிடத் தாமதமாக உறைய வேண்டும், சரி. ஆனால் இரண்டையும் இணைக்கும் கழுத்து முந்திக்கொண்டு உறைந்துவிட்டால், மேலே எவ்வளவு உலோகம் இருந்தும் கீழே இறங்காது. முதலில் கழுத்தைத் தடிமனாக்குங்கள். அது போதாமல், தூரத்தில் ஒரு தடித்த பகுதி மட்டும் பட்டினி கிடந்தால், அங்கே ஒரு இரும்புச் சில் (chill, வெப்பத்தை வேகமாக உறிஞ்சும் கட்டி) வைத்து முன்னதாக உறைய விடுங்கள்.