மாஸ்க் போதாதா, குழாய்தான் வேண்டுமா?

கேள்வி: அம்மா வண்டன்மேட்டில் ஏலத்தோட்ட வேலை பார்ப்பவர். சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் பரவி, நுரையீரலும் கெட்டு, தேனியில் ஐசியூவில் இருக்கிறார். மூக்கு வாய் மூடி காற்றை அழுத்தித் தரும் பைபேப் மாஸ்க் வைத்தவர்கள், அன்று இரவே தொண்டையில் குழாய் போட்டுவிட்டார்கள். அவசரப்பட்டு விட்டார்களோ என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள், டாக்டர்.
- வாசகி, குமுளி

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அவசரம் என்று எனக்குத் தோன்றவில்லை, தங்கச்சி. பீடிப்புகை, அடுப்புப்புகையால் வரும் சிஓபிடி என்ற நாள்பட்ட மூச்சடைப்பு நோயில் மாஸ்க் உயிர் காக்கும். இதயக் கோளாறால் நுரையீரலில் நீர் கோத்தாலும் அப்படித்தான். ஆனால் அம்மாவுக்கு வந்ததுபோல் தொற்று ரத்தத்தில் பரவி உறுப்புகளைக் கெடுக்கும் செப்சிஸில், நுரையீரல் நனைந்த பஞ்சு மாதிரி கனத்துவிடுகிறது. நோயாளி பலமாக இழுத்து இழுத்து மூச்சு விடுவார். அந்த இழுப்பே மிச்சமிருக்கும் நுரையீரலையும் புண்ணாக்கும். உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடையில் கிலோவுக்கு, ஒரு மூச்சில் 6 மில்லி காற்றுதான் பாதுகாப்பு என்று 2000இல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. மாஸ்க்கில் அந்தக் கட்டுப்பாடு நம் கையில் இல்லை; குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்தால் உண்டு.

இப்படிப்பட்டவருக்கு மாஸ்க் வைத்தால் நான் கட்டிலை விட்டு நகர மாட்டேன். கழுத்துக்குழி உள்ளே இழுக்கிறதா, ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடிகிறதா என்று பார்ப்பேன். ஓரிரண்டு மணி நேரத்தில் தேறாவிட்டால் குழாய்தான். தள்ளிப்போட்டு, களைத்து மயங்கிய பிறகு போடுவதுதான் உயிருக்கு ஆபத்து.

அப்புறம், ஆக்சிஜன் ஏற உதவும், குப்புறப் படுக்க வைக்கும் சிகிச்சை அம்மாவுக்குத் தேவைப்படுமா என்று நாளைக்கே டாக்டரிடம் கேளுங்கள்.