ஜோ சாம்பிள், பக்கவாத்தியம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க ஜாஸ் பியானோக்காரர் ஜோ சாம்பிள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, பழைய பாட்டுகளை அவர் பியானோவில் வாசித்த 'இன்விடேஷன்' ஆல்பத்தைத் தேடிக் கேட்டேன். நான் மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசிக்கிறவன், அவ்வப்போது ரெக்கார்டிங்கும் உண்டு. ஆல்பம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஜாஸ் நிறையக் கேட்கிற நண்பர் ஒருவர், 'இது ஓட்டல் லாபியில் ஓடவிடுகிற இசை, வருஷக்கணக்கில் பாப் பாட்டுக்கு வாசித்த கை இப்படித்தான் ஆகும்' என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து ஒரே யோசனை. பாடகர்களுக்கு வாசித்தே காலம் போனால் நமக்கென்று ஒரு இசை இல்லாமல் போய்விடுமா? ஐம்பது வயதைத் தாண்டி அவர் இந்தப் பழைய பாட்டுகளை எடுத்தது அந்தக் குறையை ஈடுகட்டத்தானா?

செ., கோவை

அன்புள்ள செ.,

உங்கள் நண்பர் எதைக் கேட்டுவிட்டு அப்படிச் சொன்னார் என்று தெரிகிறது. அந்த ஆல்பத்தில் பின்னால் வரும் வயலின் கூட்டம் சில இடங்களில் எனக்கும் அதிகம்தான். ஆனால் கையைப் பற்றி அவர் சொன்னதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பாடகர்களுக்கு வாசித்த கை என்பதால்தான் அந்த ஆல்பம் அவ்வளவு நன்றாக இருக்கிறது என்பது என் எண்ணம்.

சாம்பிள் 1939இல் டெக்சாஸின் ஹூஸ்டனில் பிறந்தவர். பள்ளி நாட்களில் வில்டன் ஃபெல்டர், ஸ்டிக்ஸ் ஹூப்பர் என்ற நண்பர்களோடு ஆரம்பித்த குழுதான் பிறகு லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய் 'ஜாஸ் குருசேடர்ஸ்' ஆனது. 1961இல் முதல் இசைத்தட்டு. பத்து வருஷம் கழித்துப் பெயரிலிருந்து 'ஜாஸை' எடுத்துவிட்டார்கள். விமர்சகர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. அதே காலத்தில் குழுவில் இருந்தவர்கள் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோக்களில் ஓயாமல் வாசித்தார்கள். சாக்ஸபோன்காரரான ஃபெல்டர்தான் பாப் குழுவான ஜாக்சன் ஃபைவின் 'ஐ வான்ட் யூ பேக்' பாட்டில் பேஸ் கிதார் வாசித்தவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரெக்கார்டிங் எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே ஒரு செஷன் மூன்று மணி நேரம். பெரும்பாலும் கார்டு (chord, சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) மட்டும் எழுதிய ஒரு தாள் கொடுப்பார்கள். எதை வாசிப்பது, எதை விடுவது என்பதெல்லாம் வாசிப்பவர் பொறுப்பு. ஸ்டீலி டான் என்ற ராக் குழுவின் 1977 ஆல்பமான 'ஏஜா'வை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாட்டான 'பிளாக் கௌ'வில் சாம்பிள் வாசிப்பது கிளாவினெட் என்ற எலக்ட்ரிக் கீபோர்டு. பேஸ் கிதாருக்கு நடுவே துண்டு துண்டாக, வறட்டென்று வந்து போகும். அது இல்லாவிட்டால் அந்தப் பாட்டு நடக்காது, இருக்கிறது என்று தனியாகவும் தெரியாது. தலைப்புப் பாட்டில் அவரே எலக்ட்ரிக் பியானோவில் இருக்கிறார், கண்ணாடியில் தட்டியது மாதிரியான ஒலி. இரண்டையும் வாசித்தது ஒரே ஆள் என்று சொன்னால் நம்பச் சிரமமாக இருக்கும்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 1978இல் பி.பி. கிங்கோடு செய்த 'மிட்நைட் பிலீவர்' ஆல்பம். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் புளூஸ் இசையில் பாடகர், கிதார்காரர் இரண்டுமாக இருந்தவர் கிங். பாடும்போது கிதார் வாசிக்க மாட்டார், கிதார் வாசிக்கும்போது பாட மாட்டார். ஆக, பியானோக்காரர் இரண்டு குரல்களுக்கு வழிவிட வேண்டும். குரல் முடிந்ததும் கிதார் பதில் சொல்லப் போகிறதா, இல்லை அந்த இடம் காலியாக நிற்கப் போகிறதா என்று முன்கூட்டியே காதில் விழ வேண்டும். பாடகி ஜோனி மிட்செலுக்கு வாசிப்பது வேறு சோதனை, அவர் வரிகள் எந்த அளவிலும் அடங்காமல் நீளும். மார்வின் கே வேறு. ஒவ்வொருவரும் எங்கே மூச்சு விடுகிறார்கள் என்று இத்தனை வருஷம் கவனித்த ஒரு காது, பாடகரே இல்லாத ஒரு ஆல்பத்தில் என்ன செய்யும்?

அதற்கு வருவதற்கு முன் ஸ்டாண்டர்ட் பற்றி, அதாவது ஜாஸ்காரர்கள் எல்லோரும் திரும்பத் திரும்ப வாசிக்கும் பழைய பாட்டுகளைப் பற்றி, இரண்டு வரி. நம் சபாக்களில் ஒரே தியாகராஜர் கீர்த்தனையை எல்லா வித்வான்களும் பாடுகிறார்கள், நாமும் அது தெரிந்தேதான் போய் உட்காருகிறோம் இல்லையா, அதே மாதிரிதான். பாட்டு எல்லோருக்கும் தெரியும். அதில் இவர் என்ன செய்கிறார் என்பதற்குத்தான் காது.

1993இல் வந்த 'இன்விடேஷனில்' சாம்பிள் எலக்ட்ரிக் வாத்தியங்களை ஒதுக்கிவிட்டுப் பியானோவில் உட்கார்ந்தார். பேஸ் செசில் மெக்பீ, டிரம்ஸ் விக்டர் லூயிஸ். சாக்ஸபோன்காரர் ஃபாரோ சாண்டர்ஸோடு வாசித்தவர் மெக்பீ, டிரம்பெட்காரர் வூடி ஷாவோடு வாசித்தவர் லூயிஸ், இரண்டுமே கனமான ஜாஸ். லாபிக்கு இசை போட நினைப்பவர் இவர்களைக் கூப்பிடுவாரா என்று உங்கள் நண்பரைக் கேளுங்கள்! பாட்டுகளையும் பாருங்கள். 'ஸ்டார்மி வெதர்', 'கம் ரெய்ன் ஆர் கம் ஷைன்', 'சம்மர்டைம்', பர்ட் பக்கராக்கின் 'எ ஹவுஸ் இஸ் நாட் எ ஹோம்' என்று பாடகர்கள் பாடிப் பாடி ஊறவைத்த பாட்டுகளே அதிகம். சாம்பிள் அவற்றை வார்த்தை தெரிந்தவராக வாசிக்கிறார். வரி முடிகிற இடத்தில் விரல் நிற்கிறது. இட்டு நிரப்ப வேண்டும் என்ற பதற்றம் இல்லை. நிறைய பியானோக்காரர்கள் மெட்டை ஒருமுறை ஒப்புக்கு வாசித்துவிட்டு நேரே கற்பனைக்கு ஓடிவிடுவார்கள், இவர் மெட்டோடு தங்குகிறார். அதற்கு அடியில் இடது கையில் ஹூஸ்டன் தேவாலயமும் புளூஸும் இருந்துகொண்டே இருக்கின்றன.

ஈடுகட்டினாரா என்று கேட்டீர்கள். அவருக்கு அந்தத் தேவையே இல்லை. 1978இல் 'ரெயின்போ சீக்கர்', அடுத்த வருஷம் 'கார்மல்' என்று சொந்த இசையைத் தன் பெயரிலேயே போட்டவர். வில் ஜென்னிங்ஸோடு சேர்ந்து அவர் எழுதிய 'ஸ்ட்ரீட் லைஃப்' 1979இல் பெரிய ஹிட். 'ரெயின்போ சீக்கரில்' உள்ள ஒரு மெட்டின் மேல்தான் ராப் பாடகர் டூபாக் தன் அம்மாவைப் பற்றிய 'டியர் மாமா'வைக் கட்டினார். ஸ்டாண்டர்ட்ஸுக்குப் பிறகும் சாம்பிள் பாடகர்களிடமே திரும்பிப் போனார். 1999இல் பாடகி லாலா ஹாத்வேயோடு ஒரு முழு ஆல்பம், அப்புறம் 'ஸ்ட்ரீட் லைஃப்' பாடிய ராண்டி கிராஃபோர்டோடு மறுபடியும். 2014இல் இறக்கும்போது அவருக்கு 75 வயது.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். எத்தல் வாட்டர்ஸ் 1933இல் பாடிய 'ஸ்டார்மி வெதரை' முதலில் கேளுங்கள், வார்த்தைகளைப் பாடிப் பழகுங்கள், பிறகு சாம்பிளின் பதிவைப் போடுங்கள். அப்புறம் நீங்களே வாசித்துப் பாருங்கள், இடது கையைக் கொஞ்சம் குறைத்து. நண்பருக்கு 'ஜாங்கோ'வும் ஹோரஸ் சில்வரின் 'நிகாஸ் டிரீமும்' போதும், இரண்டும் அதே ஆல்பத்தில் இருக்கின்றன. கேட்டுவிட்டு அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.