மலை பச்சைதானா?

கேள்வி: செங்கோட்டையில், மொட்டைமாடி ஏறினால் மலை தெரியும் வீட்டில் இருக்கிறேன். ஆறு மாதமாக அந்த மலையை அக்ரிலிக்கில் வரைகிறேன். செல்போனில் எடுத்த படத்தைப் பார்த்து அச்சு அசலாகத்தான் வரைகிறேன். ஆனாலும் பச்சைத் துணியை மடித்து வைத்ததுபோல் உயிரில்லாமல் இருக்கிறது. எங்கே தவறு?
– வாசகி, செங்கோட்டை

பதில்: அன்புச் சகோதரி, செல்போனைக் கீழேயே வைத்துவிட்டு மாடிக்குப் போங்கள். உங்களுக்கு மலை மேற்கே இருக்கிறது. காலை வெயில் அதன் முகத்தில் நேராக விழும். பாறை வேறு, காடு வேறு என்று தெரியும். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிடுவதால் மலை முழுவதும் ஊதா கலந்த நீல நிழலாகிவிடும். ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரல் வரும் நாளில் பாதி மலையே இருக்காது. நீங்கள் பூசும் பச்சை இதில் எந்த வேளையின் பச்சை?

கான்வாஸ் முழுவதும் பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு வண்ணத்தை நீர்க்கப் பூசிக் காயவிடுங்கள். டியூப் பச்சையைத் தொடவே வேண்டாம். அல்ட்ராமரின் நீலத்தோடு மஞ்சள் காவி சேர்ந்தால் காட்டுக்கு ஏற்ற அடங்கிய பச்சை வரும். அதையும் முழுக்கக் குழைக்காமல் பாதியில் நிறுத்தி, ஓர் அங்குலத் தட்டைப் பிரஷால் அள்ளி இழுங்கள். ஒரே இழுப்பில் ஓர் ஓரம் நீலமும் மறு ஓரம் மஞ்சளுமாக விழும். அதன்மேல் மறுபடி பிரஷ் படக்கூடாது. கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். விட்ட இடைவெளியில் செம்பழுப்பு எட்டிப் பார்க்கும்போது பக்கத்திலிருக்கும் நீலம் துடிக்கும். பாறைக்கு மேலிருந்து கீழே இழுப்பு, காட்டுக்குக் குட்டையான ஒற்றல், மேகத்துக்குக் காய்ந்த பிரஷைப் படுக்கவைத்து ஒரு தேய்ப்பு.

நிறத்துக்குப் பயப்படாதீர்கள். ஜெர்மானிய ஓவியர் கிர்ஷ்னர் 1917-இல் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் குடியேறி, ஆல்ப்ஸ் மலையை ரோஜா நிறத்திலும் ஊதாவிலும் வரைந்தார். பார்ப்பவருக்கு அது மலையாகத்தான் தெரிகிறது. எந்த நிறம் வைத்தாலும் வெளிச்சமும் இருட்டும் இடம் மாறாமலிருந்தால் போதும். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள், எங்கே இருட்டு என்பது தெரிந்துவிடும்.

ஒரே மலையா என்று சலிப்பு வேண்டாம். பிரெஞ்சு ஓவியர் செசான் தம் ஊர் மலையான சாந்த்-விக்துவாரை 1906-இல் இறக்கும்வரை திரும்பத் திரும்ப வரைந்தார். நீங்கள் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, அரை மணிக்கு மேல் போகாமல் வரையுங்கள். சாரல் நாளில் அக்ரிலிக் மெதுவாகத்தான் காயும். அன்றைய படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடாதீர்கள்.