கப்பல் நடுவழியில் நிற்கிறது

கேள்வி: எனக்கு வயது 54. பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. மகன் புனேயில் வேலை பார்க்கிறான். ஒரு ஆங்கில விண்வெளித் தொடரை மூன்று வருடமாக நாங்கள் இருவரும் சேர்ந்து பார்த்தோம். புது சீசன் வந்துவிட்டால் சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு, அவன் அங்கே, நான் இங்கே, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாரம் ஒரு எபிசோட். முதல் எபிசோடில் கப்பலின் கதவு தானாக மூடும். “வெளியே காற்றே கிடையாது, சத்தம் மட்டும் எப்படிடா கேட்டது?” என்றேன். “பொறும்மா, அப்புறம் புரியும்” என்றான். மூன்றாவது சீசனில்தான் புரிந்தது. அதன் கடைசியில் கப்பல் எரிபொருள் தீர்ந்து நடுவழியில் நிற்கிறது. நாலாவது சீசன் கிடையாது என்று பதினைந்து நாள் முன்னால் அறிவித்துவிட்டார்கள். சமையலறைக்குப் போய் அழுதேன். “சீரியல் நின்னதுக்கா இவ்வளவு?” என்று கணவர் சிரிக்கிறார். மகன் மற்ற ரசிகர்களோடு சேர்ந்து கம்பெனிக்குக் கடிதம் அனுப்பும் வேலையில் ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்திருக்கிறான். என்னையும் எழுதச் சொல்கிறான். இந்த வயதில் இது அசட்டுத்தனமா? எழுதினால் பலன் உண்டா? இரண்டு சனிக்கிழமை போய்விட்டது. இனி என்ன பார்ப்பது என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நங்கநல்லூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எழுதுங்கள். அசட்டுத்தனம் எதுவும் இல்லை. எதைக் கேட்டு எழுத வேண்டும் என்பதில்தான் எனக்கு ஒரு யோசனை இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அந்தச் சமையலறை அழுகை.

மந்தைவெளியில் எங்கள் பாட்டி வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைப் பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியும் சணலும் வைத்துத் தைத்து, காக்கி அட்டை போட்டு வைப்பார். அதில் ஒன்றுக்கு முடிவு கிடையாது. அந்தப் பத்திரிகை சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனது. கடைசிப் பக்கத்தில் கதாநாயகி ரயிலடியில் நிற்கிறாள், கீழே ‘தொடரும்’, அதற்கும் கீழே ஒரு தலைவலித் தைல விளம்பரம். பாட்டி அதையும் தைத்துத்தான் வைத்திருந்தார். தெருவில் யாராவது இரவல் கேட்டால், “முடிவு இல்லை, தெரிஞ்சு எடுத்துண்டு போ” என்பார். எடுத்துப் போனவர்கள் திரும்பக் கொடுக்க வரும்போது வாசலிலேயே சண்டை நடக்கும். அவள் ரயில் ஏறியிருப்பாள் என்று ஒருவர், ஏறியிருக்கவே மாட்டாள் என்று இன்னொருவர். பாட்டி மட்டும் வாயே திறக்க மாட்டார். எழுதியவர் வந்து சொல்லட்டும் என்பதுதான் அவர் கட்சி.

கதையில் வரும் ஆட்களோடு வருடக்கணக்காகப் பழகிய பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் போவது வலிக்கத்தான் செய்யும். கல்கி 1954 டிசம்பரில் காலமானபோது ‘அமரதாரா’ பாதியில் நின்றது. அவர் விட்டுப்போன குறிப்புகளை வைத்துக்கொண்டு மகள் ஆனந்திதான் அதை முடித்துக் கொடுத்தார். எழுதியவரே போன பிறகும் கதைக்கு ஒரு முடிவு கிடைத்தது. உங்கள் தொடரை எழுதியவர்கள் உயிரோடுதான் இருக்கிறார்கள், முடிவும் அநேகமாக அவர்கள் மனதில் இருக்கும். கோபம் வருவது நியாயம்தானே?

உங்கள் வீட்டுக்காரர் சீரியலை இழுத்தது ஒரு விதத்தில் நல்லது. நம் ஊர் மெகா சீரியலை டிஆர்பி இறங்கினால் நிறுத்துவார்கள். ஆனால் ஒளிபரப்புக்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் படப்பிடிப்பு நடக்கும். அதனால் முடிக்கச் சொல்லித் தகவல் வந்ததும் இரண்டு வாரத்தில் மாமியார் திருந்தி, பிரிந்தவர்கள் சேர்ந்து, ‘சுபம்’ போட்டுவிட முடியும். 2020 ஊரடங்கில் படப்பிடிப்பு நின்றபோது சில தமிழ்த் தொடர்களுக்கு அதுகூட வாய்க்கவில்லை. அப்போது வருத்தப்பட்டவர்களைக் கேட்டால் உங்கள் நிலைமை புரியும். நீங்கள் பார்த்த மாதிரித் தொடரை ஒரு சீசன் மொத்தமாக எடுத்து முடித்துத்தான் வெளியிடுகிறார்கள். அடுத்த சீசன் கட்டாயம் வேண்டும் என்று தோன்றவைக்க, கடைசி எபிசோடில் பெரிய முடிச்சாகப் போடுகிறார்கள். அப்புறம் அனுமதி கிடைக்காவிட்டால் முடிச்சு அப்படியே நின்றுவிடும். அவிழ்க்க வேண்டியவர்கள் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். 2022 நவம்பரில் வந்த ‘1899’ தொடரை மூன்று சீசனாக யோசித்திருந்தார்கள். எட்டே எபிசோடோடு 2023 ஜனவரி ஆரம்பத்தில் நிறுத்தினார்கள். அதுவும் கப்பல் கதைதான்.

அறிவியல் புனைவுக்கு இது அடிக்கடி நடப்பதற்குக் காரணம் செலவு. சமையலறையும் கூடமும் போதும் என்றால் சின்னக் கூட்டம் பார்த்தாலே கட்டுப்படியாகும். விண்கலத்தையும் வேற்றுக் கிரகத்தையும் உண்டாக்க வேண்டுமென்றால் பெரிய கூட்டம் வேண்டும். கடைசி எபிசோட் வரை எத்தனை பேர் வந்தார்கள் என்றும் பார்க்கிறார்கள், முதல் சில வாரக் கணக்குக்கு எடை அதிகம். வாரம் ஒன்றாக ஆறப்போட்டுப் பார்த்ததால்தான் இப்படி ஆயிற்றோ என்று நீங்கள் நினைக்கக்கூடும். நினைக்காதீர்கள். நன்றாகப் பார்த்தீர்கள்.

இப்போது கடிதம். இந்த வேலைக்கு வழிகாட்டி 1960களில் வந்த ‘ஸ்டார் டிரெக்’ என்ற அமெரிக்க விண்வெளித் தொடரின் ரசிகர்கள். அதை ஒளிபரப்பிய என்பிசி டிவி நிறுத்தப் போகிறது என்றதும் ரசிகை பிஜோ டிரிம்பிளும் அவர் கணவர் ஜானும் ஊர் ஊராகக் கடிதம் எழுதவைத்தார்கள். ஒருவர் பத்துப் பேரிடம் சொல்ல வேண்டும், அந்தப் பத்துப் பேரும் ஆளுக்குப் பத்துப் பேரிடம் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. தொடர் நீடிக்கும் என்று 1968 மார்ச் 1 அன்று என்பிசி திரையிலேயே அறிவிக்க வேண்டியதாயிற்று. ஆனால் அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும். மூன்றாவது சீசனை வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தள்ளினார்கள். இளைஞர்கள் வீட்டில் இல்லாத நேரம். 1969-இல் 79 எபிசோடோடு முடிந்தது. கேட்டது கிடைத்தது, கதைக்கு முடிவு கிடைக்கவில்லை. மறு ஒளிபரப்பில்தான் அது பெரிதாக வளர்ந்து, 1979-இல் சினிமாவாக வந்தது.

2007-இல் ‘ஜெரிகோ’ தொடர் நின்றபோது ரசிகர்கள் அதை ஒளிபரப்பிய சிபிஎஸ் டிவி அலுவலகத்துக்கு இருபது டன் அளவுக்கு வேர்க்கடலை அனுப்பினார்கள். கடைசி எபிசோடில் கதாநாயகன் ‘நட்ஸ்’ என்று சொல்லி மறுப்பான், அந்த வார்த்தைக்குக் கடலை என்ற அர்த்தமும் உண்டு. ஏழு எபிசோட் கிடைத்தது. இந்தத் தடவை எழுதியவர்கள் உஷாராக இரண்டு முடிவு படமெடுத்து வைத்துக்கொண்டார்கள், தொடர்ந்தால் ஒன்று, நின்றால் ஒன்று. மறுபடி நிறுத்தினார்கள். ஆனால் கதை முடிந்தது. மும்பையிலும் கொஞ்சம் படமாக்கிய ‘சென்ஸ்8’ 2017 ஜூனில் நின்றது. ரசிகர்கள் விடவில்லை. அதே மாதக் கடைசியில் இறுதிப் பகுதி ஒன்று எடுப்பதாக அறிவித்து, அடுத்த வருடம் வெளியிட்டார்கள். ‘ஃபார்ஸ்கேப்’ 2002-இல் அறுந்தது, 2004-இல் குறுந்தொடராக வந்து முடிந்தது.

‘தி எக்ஸ்பேன்ஸ்’ மாதிரியும் நடக்கும். 2018 மே மாதம் நின்றது. அமேசான் அலுவலகத்துக்கு மேலே பேனர் கட்டிய விமானத்தை ரசிகர்கள் பறக்கவிட்டார்கள். அதே மாதத்தில் அமேசான் எடுத்துக்கொண்டது, இன்னும் மூன்று சீசன் வந்தது. அது லாட்டரி. அதை நம்பிக் கேட்காதீர்கள் என்றுதான் சொல்வேன். ‘தி ஓஏ’ தொடர் நின்றபோது ரசிகை ஒருவர் 2019-இல் நெட்ஃபிளிக்ஸ் அலுவலக வாசலில் உண்ணாவிரதம்கூட இருந்தார். ஒன்றும் நடக்கவில்லை.

அதனால் என் யோசனை இது: நாலாவது சீசனைக் கேட்காதீர்கள், முடிவைக் கேளுங்கள். ஒன்றரை மணி நேரப் படமோ, இரண்டு எபிசோடோ போதும். அதற்கு ஆகும் செலவைப் பார்த்து யாராவது ஒப்புக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. தாமதிக்கவும் கூடாது. செட்டைப் பிரித்துவிட்டால், நடிகர்களின் ஒப்பந்தம் முடிந்துவிட்டால், மனசு இருந்தாலும் எடுக்க முடியாது.

பொதுவாக அச்சடித்த வாசகத்தில் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பாதீர்கள். நீங்களே எழுதுங்கள், ஒரு பக்கம் போதும். 54 வயது, இயற்பியல் ஆசிரியை, சென்னை, மகன் புனே, சனிக்கிழமை ஒன்பதரை. இப்படி ஒரு ரசிகை இருப்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. கதவுச் சத்தத்தைப் பற்றி நீங்கள் கேட்டதையும் எழுதுங்கள். ஓடிடி நிறுவனத்துக்கு ஒன்று, தயாரித்த கம்பெனிக்கு ஒன்று. நடிகர்களையோ எழுதியவரையோ திட்டி ஒரு வரிகூட வேண்டாம். நிறுத்தியது அவர்கள் இல்லை, அவர்களுக்கும் வேலை போயிருக்கிறது. மகனிடமும் இதைச் சொல்லுங்கள். ராத்திரி இரண்டு மணி வரை வேண்டாம், பன்னிரண்டுக்குப் படுத்துக்கொள் என்றும் சொல்லுங்கள். அம்மா சொன்னால் கேட்பானா தெரியாது, சக ரசிகை சொன்னால் கேட்கலாம்.

கடைசியாக, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த வரி. அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன், ஒவ்வொரு முறையும் அங்கேதான் நின்றேன். கம்பெனி பதில் போடலாம், போடாமலும் இருக்கலாம். சனிக்கிழமையை நிறுத்தியது கம்பெனி இல்லை. அவனும் நீங்கள் கேட்பீர்கள் என்று போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானோ என்னவோ.

இந்த சனிக்கிழமை ஒன்பதரைக்கு நீங்களே கூப்பிடுங்கள். முதல் எபிசோடைப் போடச் சொல்லுங்கள். கதவு மூடும் இடம் வரும்போது நிறுத்தி, அந்தச் சத்தம் எப்படிக் கேட்டது என்று இந்தத் தடவை நீங்கள் அவனுக்குச் சொல்லுங்கள்.