பக்கவாதம் வந்து 7 வாரம் ஆன அப்பாவுக்கு ரோபோ நடைப்பயிற்சி

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து 7 வாரம், இருவர் பிடித்தால்தான் நிற்கிறார், ரோபோ நடைப்பயிற்சியில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால், சேருங்கள் என்றே சொல்வேன்.

பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பின்படி, பிசியோதெரபியோடு இதுபோன்ற இயந்திர நடைப்பயிற்சியும் சேர்ந்தால் துணையின்றி நடக்கும் வாய்ப்பு கூடுகிறது. அதிகப் பலன் கிடைப்பது முதல் 3 மாதத்தில் இருப்பவர்களுக்கும், இன்னும் நடக்கவே முடியாதவர்களுக்கும். அப்பா இரண்டிலும் வருகிறார். ஆனால் பிசியோதெரபியை நிறுத்திவிட்டு இதை மட்டும் தருவதாகச் சொன்னால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள்.

லோகோமாட் போன்ற ரோபோ நடைக்கருவியில் உடல் எடையில் ஒரு பங்கைக் கச்சை (உடம்பில் கட்டும் தாங்குபட்டை) தாங்கும். இடுப்பையும் முழங்காலையும் மோட்டார் அசைக்கும். ஆட்கள் காலைத் தூக்கி வைத்தால் சீக்கிரம் களைத்துப்போவார்கள், இதில் ஒரே அமர்வில் நூற்றுக்கணக்கான அடிகள் வைக்கலாம். இருந்தாலும் கால் சும்மா இழுபட்டுப் போனால் மூளை பெரிதாக எதையும் கற்றுக்கொள்ளாது. அப்பாவும் முயல வேண்டும். அவர் தேறத் தேற கச்சை தாங்கும் எடையையும் மோட்டாரின் உதவியையும் குறைக்கிறார்களா? முதலில் இதைத்தான் கேட்பேன்.

தொடங்கும் முன் ரத்த அழுத்தம், எலும்பின் வலு, காலில் ரத்தக்கட்டி, தோல் புண் எல்லாம் பார்த்துவிடட்டும். உணர்வு குறைந்த பக்கத்தில் கச்சை உரசினாலும் அவருக்கு வலி தெரியாமல் போகலாம், ஒவ்வொரு முறையும் நீங்களே பாருங்கள்.

கொஞ்சம் நடக்கத் தொடங்கியதும் தரையில் நடக்கும் பயிற்சியைக் கூட்டச் சொல்லுங்கள். அவர் முதல் அடி வைத்த அன்று இங்கே எழுதுங்கள், காத்திருப்பேன்.